மொட்டை மாடியில் இயர் எண்டிங்!

நம் முன்னோர்கள் வருஷத்தை ஆறு கூறாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தமிழய்யா பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். இதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதாவது வசந்தம். தென்றல், குயில், மாந்தளிர், பக்கத்து வீட்டு ஜன்னல், இத்யாதி.

சென்னையில் குப்பை கொட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அக்னி நட்சத்திரம் வந்து உட்காருவதே இந்த இளவேனிலுக்கு நடுவில்தான், சார்! மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வாக்கில் முடிகிறது. 2003-ஆம் வருஷம் மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ். அன்றைக்குத் தேதி வைகாசி 17. சாஸ்திரப்படி சாட்சாத் வசந்த காலம்!

ஆகவே, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம் ஊர் வசந்தம் சித்திரையில் இல்லை. மாசியில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் தொடங்கி, பங்குனி முதல் பாதியோடு முடிந்துவிடும். மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து நாள். காலையில் கொஞ்சம் பனி, மதியம் தாங்கக்கூடிய வெயில், செடிகளில் புதுத் துளிர். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் மே மாதம் பச்சை இருக்கும். செய்யாவிட்டால் மே மாதம் தொட்டி மட்டும் இருக்கும்.

இந்த நாற்பது நாள் எப்போது வருகிறது பாருங்கள். ஆபீஸில் நமக்கு மூச்சு விட நேரமில்லாத மார்ச் மாதத்தில்! ஒரு பக்கம் 'இயர் எண்டிங்' என்று மேனேஜர் கர்ஜிக்கிறார். பேங்க் ரிகன்சிலியேஷன் முப்பத்தேழு ரூபாய்க்கு இடிக்கிறது. இன்னொரு பக்கம் மாடியில் செம்பருத்தி மாவுப்பூச்சியோடு காத்துக்கொண்டிருக்கிறது. பி.காம். படித்த மூளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. புரிய வைத்தவர் என் அப்பா. அவர் பி.காம். இல்லை. எட்டாம் கிளாஸ்.

அப்பாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருந்தது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. "குறியீடு கெடக்கட்டும்ப்பா, கிலோ என்ன வெலைக்குப் போகுது?" என்று கேட்ட ஒரே ஆசாமி என் அப்பாவாகத்தான் இருக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. எங்கள் கிணறு அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அறிவித்துவிட்டது. அந்தக் கோடையில் அப்பா சென்னைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு மல்லிகைப் பதியன்.

எங்கள் அடுக்குமாடியில் மொத்தம் எட்டு வீடு. மொட்டை மாடி பொது. 'தொட்டிக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டும், தளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது, ஒழுகினால் செலவு உங்களது' என்று மூன்று நிபந்தனைகளோடு ஒரு மூலை எங்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. அங்கே என் சகதர்மிணி வைத்திருந்த பதினைந்து தொட்டிகளை அப்பா முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"என்னப்பா இது, செடிய செயில்ல போட்ட மாதிரி?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெயிலராகப் பதவியேற்றுக்கொண்டார்.

இனி, மாசி வேலைகள். அப்பா சொன்னதை அக்கவுண்ட்ஸ் பாஷையில் தருகிறேன். ஆபீஸ்காரர்களுக்குச் சுலபமாக இருக்கும்.

முதல் வேலை, வாராக்கடனைத் தள்ளுபடி செய்வது. போன புரட்டாசி, ஐப்பசியில் போட்ட தக்காளியும் கத்திரியும் இப்போது கடைசி மூச்சில் இருக்கும். தக்காளிச் செடியில் இன்னும் நாலு பூ தெரிகிறதே என்று சபலம் தட்டும். விட்டுவிடுங்கள். நம் சமவெளியில் தக்காளிக்கு உகந்தது குளிர்கால மாசங்கள். 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூ, காயாக மாறாமல் உதிரும். ஆனால் தண்ணீர் மட்டும் தினமும் கேட்கும். இந்த மாதிரி ஆசாமிகளைக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். அப்பா இரக்கமே இல்லாமல் பிடுங்குவார். நோயில்லாத செடியாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்து, மற்ற தொட்டிகளுக்கு மூடாக்கு ஆக்கிவிடுவார்.

இரண்டாவது, கத்தரிக்கோல். செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம். புதுக் கிளை வரும், புதுக் கிளையில்தான் பூ வரும். துளசியில் நீட்டிக்கொண்டிருக்கும் கதிர்களைக் கிள்ள வேண்டும். கிள்ளாவிட்டால் செடி விதைக்குப் பாடுபட்டுக் குச்சியாகிவிடும். கறிவேப்பிலையின் நுனியை ஒடித்தால் பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும். ரோஜாவுக்குக் காய்ந்த குச்சியும் வாடிய பூவும் மட்டும். அதற்குப் பெரிய கவாத்து இப்போது வேண்டாம். மல்லிகைக்குக் கவாத்து கார்த்திகைக் கடைசியிலேயே முடிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஒரே வெட்டு! வெட்டின அன்று பார்த்தால் அழுகை வரும். பங்குனியில் பார்த்தால் மொட்டு வரும். மாசியில் மல்லிகைக்கு எருவும் வெயிலும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் வேலை.

"வெட்டுறதுக்குப் பயந்தவன் மல்லி வைக்கப்புடாது" என்பார் அப்பா. வெட்டுவதற்குப் பயந்தவன் பட்ஜெட்டும் போடக்கூடாது என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, இருப்புச் சரிபார்ப்பு. அதாவது தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பது. இரண்டு வருஷம் ஒரே தொட்டியில் இருந்த செடிக்கு வேர் சுற்றிச் சுற்றி, மண்ணே இல்லாமல் கயிற்றுப் பந்து மாதிரி ஆகியிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அடி ஓட்டை வழியாக அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். சம்பளம் வருகிற அன்றைக்கே போகிற மாதிரி! பந்தின் ஓரத்திலும் அடியிலும் ஓர் அங்குலம் சீவிவிட்டு, புதுக் கலவை போட்டு மறுபடி நட வேண்டும். கலவை எளிது. செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய சாணி எருவோ ஒரு பங்கு. நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டி மாற்றிய செடிக்கு ஒரு வாரம் நிழல். இதை மாசியில் செய்தால், வெயில் முற்றுவதற்குள் வேர் புதிய மண்ணில் காலூன்றிவிடும். மே மாதம் செய்தால் அதற்குப் பெயர் தொட்டி மாற்றம் இல்லை, ஈமக்கிரியை.

நாலாவது, ஆடிட். இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்பருத்தியின் நுனியில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை தெரிந்தால் மாவுப்பூச்சி. வறண்ட வெயிலில் இது குடும்பம் குடும்பமாகப் பெருகும். தண்டில் எறும்பு வரிசை போனால் சந்தேகமே வேண்டாம். மாவுப்பூச்சி ஒரு மாதிரி இனிப்பு நீரைக் கசியவிடுகிறது. எறும்பு அதைக் குடித்துவிட்டு, பதிலுக்கு அதன் எதிரிகளை விரட்டிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் இருப்பது என்னவோ மனிதனின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

வைத்தியம்: முதலில் வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, இலைக்கு அடியிலும் படுகிற மாதிரி தெளிக்க வேண்டும். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு வெயில் பட்டால் இலை கருகும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஆடிட் அப்ஜெக்ஷன் ஒரே தடவையில் தீர்ந்ததாக எந்த ஆபீஸிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஐந்தாவது, போனஸ். கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் செடிகள் ஆனந்தக் கூத்தாடும். மனிதர்கள் ஆட மாட்டார்கள். மூன்றாம் நாள் வாசனையில் பக்கத்து ஃபிளாட் மாமி, 'எலி கிலி செத்துப் போச்சா?' என்று விசாரிக்க வந்துவிட்டார். அப்பா, "இல்லைங்க, சாப்பாடு தயாராவுது" என்று பதில் சொல்லி மாமியை இன்னும் கலவரப்படுத்தினார். எந்த உரமானாலும் பங்குனி பாதிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அக்னி வெயிலில் செடி சாப்பிடுகிற நிலையில் இருக்காது. உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆறாவது, ஓபனிங் பாலன்ஸ். மாசிக் கடைசியில் விதைத்தால் வெண்டை 45, 50 நாளில் காய்க்கும். விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். கொத்தவரை வெயிலுக்குப் பயப்படாத பிள்ளை. தண்டுக்கீரை ஒரு மாசத்தில் சாம்பாருக்கு வந்துவிடும். கொடி ஏற்ற ஒரு மூலை இருந்தால் பாகல், புடலை.

இப்போது ஏழாவதற்கு வருகிறேன். இதுதான் மெயின். ஆடிட்டர்கள் 'புரொவிஷன்' என்பார்களே, வரப்போகிற நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது, அது.

மாசியும் பங்குனியும் சென்னையில் வேப்ப மரம் இலையைக் கொட்டுகிற காலம். தெருவெல்லாம் மஞ்சள் பழுப்பு. பெருக்குகிறவர்கள் குவித்துவைத்து யாரோ ஒரு புண்ணியவான் தீ வைத்துவிடுவார். அதற்கு முன்னால் அப்பா சாக்கோடு போய்விடுவார். தெருவில் எங்கள் மானம் போகிறது என்று நான் சொன்னதற்கு, "மானத்த விடுப்பா, மண்ணு காயுது" என்றார். தொட்டி மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை பரப்பினால் அதுதான் மூடாக்கு. வெயில் நேராக மண்ணில் படாது. ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. கீழிருக்கும் இலை மக்கி எருவாகும். இயற்கை, வெயில் வருவதற்கு ஒரு மாசம் முன்னாடி போர்வையைக் கொண்டுவந்து வாசலில் போடுகிறது. நாம் அதைக் கொளுத்துகிறோம்!

கூடவே இரண்டு விஷயம். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். நெருப்பாய்க் காயும் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் அடிவேர் வேகாது. (அசோசியேஷனின் முதல் நிபந்தனையில் எங்களுக்குத்தான் லாபம்.) மேற்கு வெயில் அடிக்கிற பக்கம் ஐம்பது சதவிகிதப் பச்சை நிழல்வலையைக் கட்டிவிடலாம்.

இதெல்லாம் எனக்கும் 'பாட்டி வைத்தியம்' மாதிரிதான் தெரிந்தது. 2019 வரைக்கும்.

அந்த வருஷம் மாசியில் எங்கள் மாடியில் 22 தொட்டிகள். அப்பாவின் இரண்டு மல்லிகையும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. ஒருநாள் காலை அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, மோட்டார் ரூம் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"மோட்டாரு இருமுது. போர்ல தண்ணி எறங்கிருச்சு."

அன்று சாயங்காலம் கத்தரிக்கோலோடு மேலே போனவர், நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் ஐந்து தொட்டிகளைக் காலி பண்ணியிருந்தார். அடுத்த வாரத்தில் எட்டுத் தொட்டிகள் வீட்டை விட்டுப் போயின. இன்னும் கிணறு வற்றாத தனிவீட்டுக்காரர்கள் யார் யார் என்று தெருத்தெருவாக விசாரித்து, அவரே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"என்ன மாமா, எல்லாத்தையும் தானம் பண்றீங்க? அரளிகூட இப்பத்தான் மொட்டு வச்சிருக்கு..."

"பொழைக்கிற எடத்துக்கு அனுப்புறேன் தாயி. இங்க இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

மிச்சம் ஒன்பது. அதற்கெல்லாம் மண் மாற்றி, இலை போர்த்தி, வடகிழக்கு மூலையில் நெருக்கி வைத்து, நிழல்வலை கட்டினார். இதெல்லாம் மார்ச் மாதம். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்து பிளாக்கில் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் என்ன நடந்தது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறையக் காலி. சில ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் போர் வற்றி, அசோசியேஷன் டேங்கர் லாரி புக் பண்ணி, அது எந்த நடுராத்திரியில் வரும் என்று எட்டு குடும்பமும் வாசலில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அந்தக் கணக்கு எழுதுகிற வேலை, பி.காம். என்பதால், அடியேனுக்கு.

நாங்கள் நாலு பேர். குளியல் ஆளுக்கு அரை பக்கெட். அந்த நிலைமையில் மாடியில் ஒன்பது தொட்டி. ஒரு தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்றாலும் ஒன்பது லிட்டர். அரைக் குடத்துக்கு மேல். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே ஆரம்பித்தார்.

"நாளையிலேருந்து குடத்துத் தண்ணி ஒரு சொட்டு மேல போகாது தாயி. அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி, இதுக மட்டும் எனக்கு எடுத்து வை."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தலாம் மாமா..."

அப்பா அப்போதுதான் அதைச் சொன்னார். ஊரை விட்டு வந்து இரண்டு வருஷத்தில் தோட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அங்க அப்படித்தான் பண்ணுனேன். கெணத்துல தண்ணி இல்லன்னு தெரிஞ்ச பெறகும் நாலு மாசம், ஒன்ர ஏக்கரு செடிக்கும் பங்கு போட்டுப் போட்டு ஊத்துனேன். எதையும் விட மனசு வரல. எல்லாத்துக்கும் கொஞ்சம் ஊத்துனா, எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாச் சாகும். கால் ஏக்கர மட்டும் காப்பாத்தி இருந்தா இன்னிக்கு நான் ஊருல இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு டம்ளர் தண்ணீரில் கை கழுவி, அதையும் ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்தார்.

ஒன்பதில் நாலு தேர்வாகியது. துளசி, என் மனைவிக்காக. கறிவேப்பிலை, ரசத்துக்காக. மூன்றாவது, என் மகளின் டேபிள் ரோஸ். அவளுக்கு அப்போது ஆறு வயசு. தன் செடி லிஸ்டில் இல்லை என்று தெரிந்து ஊரைக் கூட்டிவிட்டாள். அப்பா சிரித்தார். "இதுக்குத் தண்ணியே வேணாம்டி. இலையிலயே தண்ணி வச்சிருக்கும். நீ பல்லு வெளக்கறப்ப வாய் கழுவ டம்ளர்ல எடுக்கறியே, அதுல ஒரு வாய் மிச்சம் புடிச்சு ஊத்து, போதும்" என்றார். வாஸ்தவம்தான். சதைப் பிடிப்பான இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற ஜாதி அது. கொளுத்துகிற வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு பூக்கும்.

நாலாவது, மல்லிகை. இரண்டில் ஒன்று.

"ரெண்டையும் வச்சுக்கலாமேப்பா" என்றேன். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த இரண்டே சொத்து.

"ஒண்ணு பொழச்சா அதுலேருந்து பத்துப் பதியன் போடலாம். ரெண்டும் பொழைக்குமான்னு பாத்தா ஒண்ணும் மிஞ்சாது." எதை வைத்துக்கொள்வது என்று இரண்டின் தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை அதிகம் இருந்ததை நிழலுக்கு நகர்த்தினார். மற்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் எப்படிச் சமாளித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வறட்சிக்கு உபயோகப்படும். அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணீர் அமிர்தம். ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ரொம்ப நல்லது. காற்றிலிருந்து வருகிற தண்ணீர், அதில் உப்பே இருக்காது. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினால் அரை பக்கெட் வரைகூடச் சேரும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு அதிகம். வேறு தண்ணீரோடு கலந்து எப்போதாவது ஊற்றலாம், தினமும் கூடாது. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். ஊற்றுவது காலை ஏழு மணிக்குள், இலையை விலக்கிவிட்டு மண்ணில், மெதுவாக. ஊற்றினதும் இலையை மறுபடி போர்த்திவிட வேண்டும். குழந்தைக்கு இழுத்துவிடுகிற மாதிரி.

நாலும் பிழைத்தன. மாசியில் மாற்றின மண்ணும் போர்த்தின இலையும்தான் அந்த அரை டம்ளர்களை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தன என்பதை, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தபோது நானே தெரிந்துகொண்டேன். மற்ற ஐந்தும் போய்விட்டன. அந்த இன்னொரு மல்லிகையும்தான். ஐப்பசி மழையில் அப்பா பதியன் போட்டார். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவைக் கீறி, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல். அவ்வளவுதான் தொழில்நுட்பம். இப்போது மாடியில் மல்லிகை ஆறு. வெளியே கொடுத்த எட்டுத் தொட்டியில் அரளியை மட்டும் என் மனைவி வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அது அந்த வீட்டு மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. திரும்பக் கேட்க முடியாது.

ஒரு அக்கவுண்ட்ஸ் ஆசாமியாக நான் இதில் பார்ப்பது என்னவென்றால், நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று ஒன்று கிடையாது. நெருக்கடி வருவதற்கு மூன்று மாசம் முன்னால், எல்லாம் சௌகரியமாக இருக்கும்போது எடுக்கிற முடிவுதான் உண்டு. எதை வெட்டுவது, எதைக் கொடுத்துவிடுவது, எதை என்ன ஆனாலும் விடாமல் பிடித்துக்கொள்வது... குழாயில் தண்ணீர் வரும்போதே யோசித்துவிட வேண்டும். ஜூன் மாதம் யோசிப்பதற்கு நேரம் இருக்காது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடத்தான் நேரம் இருக்கும்.

'ஐயா, நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறேன். மாடியும் இல்லை, மனைவியும் இல்லை' என்கிற வாலிப அன்பர்களுக்கு ஒரு குறைந்தபட்ச செயல்திட்டம். மூன்றே தொட்டி. ஒன்றில் துளசி, ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் டேபிள் ரோஸ். ஜன்னல் கிழக்கோ தெற்கோ பார்த்திருந்தால் போதும். மாசி முதல் ஞாயிறு, கிள்ளுவதும் வெட்டுவதும். இரண்டாம் ஞாயிறு, மண் மாற்றம். மூன்றாம் ஞாயிறு, வேப்பெண்ணெய். நாலாம் ஞாயிறு, தெருவில் விழுந்த வேப்பிலை ஒரு பை. செலவு, இரண்டு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கும். லீவு போட வேண்டியதில்லை. ரூம் மேட் கேலி செய்வார், செய்யட்டும். மே மாதம் அவர் ரசத்துக்கு யாரிடம் கறிவேப்பிலை கேட்கிறார் என்று பார்ப்போம்.

என் அப்பாவுக்கு இப்போது 74. முழங்கால் வலியோடு தினமும் மாடி ஏறுகிறார். மாசி பிறந்தால், காலண்டரைப் பார்க்காமலே, சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார். இப்போதெல்லாம் கூடவே இன்னொரு சாக்கோடு நானும் போகிறேன். மானம் என்று ஒன்றும் போய்விடவில்லை. போன வருஷம் முதல், கார் கழுவுவாரே, அந்தப் பக்கத்து பிளாக்காரரும் ஒரு பையோடு வர ஆரம்பித்துவிட்டார். இலைக்குப் போட்டி அதிகமாகிவிட்டதால், நீங்கள் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்புவது நல்லது. மார்ச் 31-க்கு அப்புறம் கொண்டுவருகிற வவுச்சரை எந்த அக்கவுண்டன்டும் வாங்க மாட்டார். சூரிய பகவானும் அதே டிபார்ட்மெண்ட்தான்!